முனியப்பன் எங்கே பார்க்கிறார்

என் பிள்ளைகள் வள்ளிக்கும் சோமுவுக்கும், நம் சிலைக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். என் முழங்கால் இப்போது மடங்குவதில்லை. சாரம் ஏற முடியாதவன் இனி வாயால்தான் வேலை செய்ய வேண்டும். வாயால் சொன்னாலோ, மணல் வண்டி வந்துவிட்டது என்று பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள். எழுதி வைத்தால் மணலை இறக்கிவிட்டு வந்தாவது படிப்பீர்கள்.

போன வாரம் ஒருவர் வந்து, காலமாகிப்போன தன் தகப்பனாரின் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க, ஆனா இது எங்கப்பன் இல்லீங்க" என்று சொல்லிப் போனார். வள்ளி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "போட்டோவை வெச்சு அளந்து செஞ்சிருக்கேன், மூக்கு சரி, காது சரி, அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். அவருக்கு ஏதோ ஒன்று தெரியும் அம்மா. அது என்னவென்று சொல்லத்தான் அவருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறது நம் வேலையில் பாதி. இது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுண்ணாம்பு குழைப்பது, கம்பி கட்டுவது எல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும்.

நான் பிறந்தது ரங்கூனில். என் அப்பா, அதாவது உங்கள் அப்பாரு, அங்கே ஓர் அரிசி மில்லில் வேலையாக இருந்தார். என் அம்மா பர்மாக்காரி. அம்மாவோடு பர்மியப் பேச்சு, அப்பாவோடு தமிழ்ப் பேச்சு என்று வளர்ந்தவன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றது நாமக்கல் வந்த பிறகு, அதுவும் கடைப் பலகைகளைப் பார்த்து. அதனால் இதில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் புத்தர் சிலை செய்கிறவர்களின் தெரு. பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவாக ஓடவில்லை, அந்தத் தெருவில் ஓடியது. அங்கே ஆசிரியரை சயா என்பார்கள். என் சயா ரொம்பச் சிரிக்கிற மனிதர். திட்டவே தெரியாது. நாம் தப்புச் செய்தால் சிரிப்பார். அதற்குத் திட்டு வாங்கியே தொலைக்கலாம் என்றிருக்கும்.

புத்தருக்குக் கண் பாதி மூடியிருக்க வேண்டும். அந்தப் பாதி எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் அதிகம் மூடினால் தூக்கம். கொஞ்சம் அதிகம் திறந்தால் யாரையோ தேடுகிற மாதிரி ஆகிவிடும். இமை செய்கிற வேலையை சயா சுலபத்தில் யாருக்கும் கொடுக்க மாட்டார். எனக்குக் கொடுத்த முதல் முகம் ஒரு மடத்துக்கான சிலை. பட்டறையில் மேசை மேல் வைத்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துச் செய்தேன். தெருவே வந்து நன்றாயிருக்கிறது என்றது. மடத்துக்குக் கொண்டுபோய்ப் பீடத்தில் ஏற்றினோம். தலைமைப் பிக்கு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. யாரையோ கேலி பண்ணுகிறார் போல" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசையில் சரியாகத்தானே இருந்தது என்று சயாவிடம் வாதாடினேன். அவரோ சிலைக்கு முன்னால், ஜனங்கள் மண்டியிடுகிற இடத்தில் பாயை விரித்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பும் சோறும். "இங்கேயே சாப்பிடுவோம்" என்றார். பாதிச் சோற்றில் அண்ணாந்து பார்த்தேன். கீழேயிருந்து பார்க்கும்போது உதட்டு ஓரம் இரண்டும் மேலே ஏறி, புத்தர் நிஜமாகவே என்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சயாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "மேசையில் உட்கார்ந்து யார் கும்பிடப் போகிறார்கள்?" என்றார். உதட்டையும் இமையையும் இறக்கி வைத்தோம். அதற்குப் பிறகு எந்தச் சிலைக்கும், கும்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து பார்க்காமல் நான் முகம் முடித்ததில்லை.

அம்மா காலமான பிறகு அப்பாவுக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. நம் ஆட்களுக்கு நிலைமையும் சரியில்லாமல் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு பேரும் கப்பலேறி, மதராசில் இறங்கி, ரயிலில் சேலம் வந்து, நாமக்கல் பக்கம் அப்பாவின் பங்காளி ஊட்டில் வந்து விழுந்தோம். எனக்கு இந்த ஊர்த் தமிழ் புரியவே நாளாயிற்று. எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுகிறார்கள். மாட்டைக்கூட "நகருங்க" என்று சொன்னவரைப் பார்த்திருக்கிறேன். நானோ அப்பாவோடு பேசிய பேச்சையே ஊரோடும் பேசி, ஒரு பெரியவரைப் பார்த்து "வா, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவர் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. "பையன் ரங்கூனுங்க, அங்க 'ங்க' வெளையறதில்லீங்க" என்று அப்பாதான் சமாளித்தார்.

அப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் வீடு கட்டித் தந்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரி, சுண்ணாம்பில் உருவம் செய்கிற சுதை வேலைக்கு ஆள் தேடினார். அவர்தான் பின்னால் எனக்கு மாமனார் ஆன உங்கள் அப்புச்சி. அவரோடு செய்த முதல் வேலை, சேலத்தில் ஒரு ஜவுளி வியாபாரி வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் இரண்டு சிங்கம். எனக்குத் தெரிந்த சிங்கம் பர்மாக் கோயில் வாசல் சிங்கம்தான். வாயை அகலத் திறந்து, பல் காட்டி நிற்கும். அதையே செய்தேன்.

வீட்டுக்காரர் தெருவில் நின்று பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, சிங்கம் எதுக்குங்க சிரிக்குது?"

"யாவாரி ஊடு பாருங்க. வாரவங்களைப் பாத்துச் சிரிக்காம உறுமுனா, அடுத்த தடவ வருவாங்களாங்க?" என்றார் உங்கள் அப்புச்சி, கொஞ்சம்கூட யோசிக்காமல்.

வியாபாரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் தானே அந்தக் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அப்புச்சியின் வாய் என்னைக் காப்பாற்றியது. எல்லா வேலையிலும் இப்படி ஒரு வாய் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வேலையிலேயே அது போதவில்லை.

அடுத்தது முனியப்பன்.

ராசிபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊர். அந்தக் காலத்தில் அங்கே மாடு திருட்டு அதிகம். ஊர் எல்லையில் ஒரு சின்னக் கல்லாக இருந்த முனியப்பனுக்கு, ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இருக்கிற மாதிரி உட்கார்ந்த சிலை எடுக்க வேண்டும் என்று ஊர்க் கவுண்டர் முடிவு செய்து, அப்புச்சியிடம் வந்தார். செங்கல் கட்டிச் சுண்ணாம்புச் சுதை பூச வேண்டும். கட்டுமானம் அப்புச்சி, உருவம் நான்.

அப்புச்சியின் மகள், உங்கள் அம்மாவும் அங்கே வேலைக்கு வந்தாள். சுண்ணாம்பு அரைத்துத் தருவது அவளும் இன்னும் இரண்டு பெண்களும். அரைக்கும்போது என்னைப் பற்றிப் பேச்சு ஓடும், எனக்குக் கேட்கிற மாதிரியே.

"ரங்கூனுல பொம்பளைங்க சுருட்டுக் குடிப்பாங்களாமா, ஏனுங்க, நெசமாங்க?"

"நெசந்தான்" என்றேன் சாரத்தின் மேலிருந்து.

"அப்ப ஆம்பளைங்க என்னங்க பண்ணுவாங்க?"

"சுண்ணாம்பு அரைப்பாங்க."

"அப்படியா. அப்ப எறங்கி வாங்க" என்றாள் உங்கள் அம்மா.

உடம்பு எழும்பியபோது ஊரே சந்தோஷப்பட்டது. தொடையைப் பார்த்து ஒருவர், "இந்தத் தொடை ஒண்ணு போதும், திருடன் ஆத்தூரு வரைக்கும் ஓடுவான்" என்றார். மீசையைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. முகத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டவில்லை. பூச்சு சீக்கிரம் காயாமல் இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தேன். முதல் பூசை அன்றைக்குக் காலையில் சாக்கை எடுப்பதாகப் பேச்சு.

நான் அதற்கு முன்னால் வேறு முனியப்பன்களைப் பார்த்திருந்தேன். முட்டை மாதிரிக் கண், கண்ணுக்குள் கறுப்பு வட்டம். செய்யத் தெரியாதவர்கள் செய்தது என்று நினைத்தேன். நம் முனியப்பனுக்கு அப்படி வேண்டாம், மீசையும் அரிவாளும் இருக்கட்டும், கண்ணில் கருணை இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. சயா சொல்லித் தந்தபடி அவர் காலடியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து இமையை இறக்கினேன். உட்கார்ந்தவனை அப்படியே வாரி மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பார்வை வந்தது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல முகம்.

பூசை நாள் காலையில் ஊர் கூடியது. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். நான் சாரம் ஏறிச் சாக்கை எடுத்தேன்.

மேளம் அடிக்கவில்லை.

பிறகு கூட்டத்தின் பின்பக்கமிருந்து ஒரு குரல், "தூங்கறாரே" என்றது.

"தூங்கலீங்க, அருள் பண்றாரு" என்றேன் மேலேயிருந்து.

"அருளு பண்றதுக்குத்தான் மாரியாத்தா இருக்கறாளே. இவரு காவலுக்குங்க."

"காவலுக்கு வெச்ச ஆளே கண்ணு சொக்கி உக்காந்திருந்தா, திருடன் வந்து போர்வை போத்திட்டுப் போவானாட்ட இருக்குது."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை. "மேஸ்திரி, கோவமே பத்தலியே" என்று மட்டும் சொன்னார். அப்புச்சி வாயைத் திறந்தார், மூடினார்.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாத புதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சாமிக்கு ஒன்று சம்மதமா என்று கேட்க வேண்டுமானால், ஓர் ஆட்டுக் கெடாவுக்கு மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்பார்கள். கெடா உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறினால் சாமி சரி என்று சொல்லிவிட்டது. துலுக்கிவிட்டது என்பார்கள். துலுக்காமல் நின்றால் ஏதோ குறை இருக்கிறது. கவுண்டர் அதைத்தான் செய்யச் சொன்னார். "அவரு மொகம், அவரே சொல்லட்டும். துலுக்குச்சுன்னா இந்தத் தலை இருக்கட்டும். இல்லீன்னா தலையை எடுத்துட்டு வேற ஆளை வெச்சுக்கலாம்." இரண்டு பேர் கடப்பாரை எடுத்துவரப் போனார்கள்.

அப்புச்சி சாரம் ஏறி என் பக்கத்தில் வந்து, "தம்பி, இந்தத் தலை போச்சுன்னா நீ இந்தச் சீமையில வேற தலை செய்ய முடியாது. எம் பேரும் சேந்துதான் போவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். எனக்கு வேறு தொழில் தெரியாது. திரும்பிப் போகலாம் என்றால் ரங்கூனில் எனக்கென்று அழ ஓர் ஆள் இல்லை.

பூசாரி தண்ணீர் ஊற்றினார். கெடா நின்றது. வெயில் ஏறியது. கெடா அசையவில்லை. துலுக்காமல் நின்றால், ஊரில் யாராவது மனசில் குறை வைத்திருக்கலாம் என்று, ஒவ்வொருவராக வந்து சொல்ல வேண்டும். ஒருவர் வந்து, மச்சானோடு பேசாமல் இருப்பதை ஒப்புக்கொண்டார். மச்சான் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இருவரையும் பேச வைத்தார்கள். கெடா நின்றது. வேலி நகர்த்தினது, வரப்பு வெட்டினது என்று என்னென்னவோ வெளியே வந்தது. கெடா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றது.

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கண்ணு மேலயே மையை வெச்சுப் பெருசா வரைஞ்சுடு தம்பி, வேலை முடிஞ்சுது" என்றார் ஒருவர். "புருவத்தை நெரி. கோவமாயிடும்" என்றார் இன்னொருவர். அப்புச்சிகூட, "வரைஞ்சுதான் உடேன்" என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் பத்து பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். மூடின இமை மேல் மை வைத்துக் கண் வரைந்தால் பகல் வேஷக்காரன் மாதிரி இருக்கும். அது எனக்குத் தெரிந்தது. புருவத்தை நெரித்தால், தூங்குகிறவர் கெட்ட கனவு காண்கிற மாதிரி இருக்கும். அதுவும் தெரிந்தது. ஆனால் குறை என்ன என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரியாமல் கையை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். சாரத்தை விட்டு இறங்கிப் போய், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சிலையின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் அம்மா சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அங்க என்னங்க பண்றீங்க?" என்றாள்.

"கும்புடற எடத்துல இருந்து பாக்கறேன்."

"அங்க உக்காந்து யாருங்க கும்புடறா? வருசத்துக்கு ஒருக்கா பொங்க வெக்கறப்ப வருவோம். மத்த நாளெல்லாம் காட்டுல இருந்துதான் கும்புடுவோம். மாட்டை அவுத்து உட்டுட்டு, இவரு பக்கமாத் திரும்பி, அப்பா பாத்துக்கோன்னு ஒரு கையெடுப்பு. அவ்வளவுதானுங்க."

எழுந்தேன். ஓடினேன். இட்டேரி என்று சொல்கிற, இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டிப் பாதையில் விழுந்து ஓடினேன். பின்னால், "ரங்கூனு ஓடறான், புடிங்க" என்று கத்தினார்கள். "கப்பலுக்கு நேரமாச்சாட்ட இருக்குது" என்று யாரோ சொல்ல, சிரிப்பு கேட்டது. இந்தப் பக்கம் வயலைத்தான் காடு என்பார்கள். கடலைக்காட்டு நடுவில் போய் நின்று திரும்பினேன்.

அங்கேயிருந்து பார்த்தால் கண்ணே இல்லை. இரண்டு இமை மட்டும்தான். அவர் மீசையோடும் அரிவாளோடும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜனங்கள் கோபம் பத்தவில்லை என்றார்கள். அவர்களுக்குக் கோபம் வேண்டியதில்லை. காட்டில் தனியாக நிற்கிறவனுக்குத் தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல வாயில் வந்த சொல் கோபம். குறையைச் சொல்கிறவர் சொல்கிற வைத்தியம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். குறை தப்பாக இருக்காது. இதை மட்டும் வைத்துக்கொண்டாலே நீங்கள் நல்ல சிற்பி ஆகலாம்.

திரும்பி வந்து கவுண்டரைக் கும்பிட்டேன். "ஐயா, கெடா நிக்கட்டும். நான் மேல ஏறறேன். எனக்கு ஆளு வேணும்."

"எத்தனை ஆளு? சாரம் தாங்காதே."

"மேல வேண்டாங்க. காட்டுல வேணும். மாடு கட்டற எடம், ஏர் ஓட்டற எடம், தண்ணி எறைக்கற எடம், எங்கெல்லாம் இருந்து இவரைக் கும்புடுவீங்களோ அங்கெல்லாம் போய் நில்லுங்க. நான் கண்ணுல கை வெச்சதும், உங்களைப் பாக்கறாரா இல்லியான்னு கத்திச் சொல்லுங்க."

கவுண்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானே முதலில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அவர் நடந்ததும் ஊர் நடந்தது.

பூச்சு ஈரமாக இருந்தது என் அதிர்ஷ்டம். வலது கண்ணின் மேலிமையைக் கரண்டியால் வெட்டி எடுத்தேன். உங்கள் அம்மா அரைத்துத் தந்த சுண்ணாம்பை வைத்து விழியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். நான் மட்டமாக நினைத்த அந்த முட்டைக் கண், அதேதான். செய்யத் தெரியாதவர்கள் செய்ததில்லை அது. கருவிழியை மட்டும் துருத்தாமல் கொஞ்சம் பள்ளமாகத் தோண்டி, பள்ளத்தில் மை வைத்தேன். பள்ளத்தின் நிழல், எதிரே காட்டில் நிற்கிறவன் நகர்ந்தால் அவனோடு கொஞ்சம் நகர்கிற மாதிரி இருக்கும்.

"தெரியுதா?" என்று கத்தினேன்.

கிணற்று மேட்டிலிருந்து மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிறவர் குரல் வந்தது. "அரைக் கண்ணுல பாக்கறாருங்க."

இன்னும் கொஞ்சம் தோண்டினேன்.

"இப்பப் பாக்கறாரு. ஏனுங்க, மொறைக்கறாருங்க."

"நீ மாட்டை அடிச்சிருப்பே, அதான்" என்று சோளக்காட்டிலிருந்து ஒரு பெண் பதில் சொன்னாள்.

ஏரிக்கரையிலிருந்து கவுண்டர், "எனக்கு இன்னும் தெரியல" என்றார். விழியை அந்தப் பக்கம் ஒரு நூல் நகர்த்தினேன். "ம்" என்றார். சிலைக்கு முதுகுப் பக்கம் காடு வைத்திருந்த ஒருவர், "எங்களை மட்டும் பாக்கறதே இல்லீங்களே" என்று குறைப்பட்டார். "உங்க காட்டுல திருடறதுக்கு என்னங்க இருக்குது?" என்று யாரோ கேட்க, நாலாபக்கக் காட்டிலிருந்தும் சிரிப்பு எழும்பியது. சாரத்தின் மேல் நின்ற எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஊரே எனக்காகக் காட்டில் நின்று கண்ணாக வேலை செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலை செய்தேன், அப்படி ஒரு பட்டறை எனக்குக் கிடைக்கவில்லை.

இடது கண்ணையும் முடித்தேன். "பாக்கறாரு, பாக்கறாரு" என்று ஒவ்வொரு பக்கமாகக் குரல் வந்துகொண்டே இருந்தது. கடைசியாகக் கவுண்டர் கரையிலிருந்து இறங்கி வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்கு அந்தப் பார்வை கிடைத்துவிட்டது. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. பூசாரியிடம் போய், "இப்பக் கேளு" என்றார்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "அது அப்பவே துலுக்கிருச்சுங்க."

"எப்ப?"

"அதுதானுங்க தெரியல. எல்லாரும் கத்தறாங்களேன்னு நானும் அண்ணாந்து மேலயே பாத்துட்டு நின்னுட்டேன். காலு குளுந்தாப்பல இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா வேட்டியெல்லாம் மஞ்சத் தண்ணி."

"கண்ணு தொறக்கறதுக்கு முந்தியா, பிந்தியா?"

பூசாரி வேட்டி நுனியைப் பிழிந்தார். "ஒரு கண்ணு தொறந்திருந்துச்சுங்க" என்றார்.

கவுண்டர் அவரையும் கெடாவையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பீடத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கடப்பாரையோடு நின்ற இருவரையும் பார்த்து, "அதையக் கொண்டு போய் ஊட்டுல போடுங்கப்பா. துலுக்குனது துலுக்குனதுதான்" என்றார். மேளம் அடித்தது. அப்புச்சி சாரம் ஏறி வந்து என் தோளில் கையை வைத்து, அங்கேயே வைத்திருந்தார்.

எந்தக் கண்ணுக்குச் சம்மதம் என்று தெரியாத கெடாவை வெட்டக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. விருந்துக்கு நேர்ந்துகொண்டவர்களின் கெடாக்கள் வேறு இருந்தன. பூசாரி கயிற்றை அவிழ்த்து விட்டார். அது நேராகப் படியேறிப் போய், முனியப்பன் காலில் சார்த்தியிருந்த செவ்வந்தி மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

"ஏனுங்க ரங்கூனு" என்றார் பூசாரி, "காலடியில நடக்கறதை இவரு பாக்கவே மாட்டேங்கறாரே."

சாரத்தை விட்டு இறங்கி, காலையில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். நிஜம்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, இட்டேரியைத் தாண்டி, கடலைக்காட்டைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பக்கமும் பார்க்கிற கண்ணை யாராலும் செய்ய முடியாது. காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் காலடியை விட வேண்டும். என் கருணை முகம் போனதில் ஒரு நொடி வருத்தமாகக்கூட இருந்தது.

"அங்க உக்காந்தா உங்களைத் தெரியாதுங்க அவருக்கு" என்றாள் உங்கள் அம்மா, கையில் இலைக்கட்டோடு. "எந்திரிச்சுக் காட்டுப் பக்கம் வாங்க. பந்தி அங்கதான் போட்டிருக்குது."

எழுந்து அவள் பின்னால் போனேன். கடலைக்காட்டு வரப்பில் ஏறினதும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.